சொல்ல வராத பேர்

ஏற்காட்டு மலையில் தலைச்சோலைக்கு மேலே இருந்த அந்தக் காப்பி எஸ்டேட்டில் ஒரு காலத்தில் இரண்டு காளியண்ணன்கள் இருந்தார்கள். ஒருவர் செடி கவாத்து செய்கிறவர், நல்ல உயரம். அவரை நெட்டைக் காளியண்ணன் என்றார்கள். இன்னொருவர் நாற்றங்காலில் விதை போட்டு வளர்க்கிறவர், நாத்துக் காளியண்ணன். விடிந்ததும் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கணக்கெழுதும் ரைட்டர் அவசரத்தில் வெறும் 'காளியண்ணன்' என்று கத்திவிட்டால் இரண்டு பேரும் ஒன்றாகக் குரல் கொடுப்பார்கள். களமே சிரிக்கும்.

நெட்டைக் காளியண்ணன் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் கொஞ்ச நாள் ரைட்டர் பழக்கத்தில் 'நாத்துக் காளியண்ணன்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் வெறும் 'காளியண்ணன்' என்றார். ஒரே ஒரு குரல் வந்தது. கூட்டத்தில் நின்றிருந்த அருக்காணிக்குத் தன் புருசனின் சாவு அன்றைக்குத்தான் முடிந்தது போல இருந்தது.

அது நடந்து பதினாறு வருஷம் ஆகிவிட்டது. இது 1933ஆம் வருஷத்துக் கதை.

அருக்காணி புருசன் பேரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் யாரும் சொல்வதில்லை. உயிரோடு இருந்தபோது 'ஏனுங்க' என்று கூப்பிட்டாள். போன பிறகு மகள் பேரைச் சேர்த்து 'எங்க கலாவதியப்பன்' என்றாள். அம்மை குத்த வந்தவர்கள் புருசன் பேரைக் கேட்டபோது பக்கத்து வீட்டுப் பூவாயியைத் திரும்பிப் பார்த்தாள். பூவாயி சொன்னாள். பூவாயிக்குத் தேவைப்பட்டபோது அருக்காணி சொன்னாள். கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுப் பெண்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் ஒத்தாசை அது.

பத்து வருஷத்துக்கு முன்னால், சரிவில் ஏறிப் பழம் பறிக்க முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் அவளை நாற்றங்காலுக்கு மாற்றினார்கள். அங்கே போன முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. அவரை எப்படிக் கூப்பிடுவது? மற்றவர்கள் பேர் சொன்னார்கள். அவளால் முடியாது, புருசன் பேராயிற்றே. யோசித்து யோசித்து, "நாத்துக்காரருங்களே" என்றாள்.

அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். காரணம் அவருக்குத் தெரியும். நெட்டையனோடு ஒரே வட்டிலில் சோறு தின்றவர் அவர்.

"நல்லாத்தான் இருக்குது. அப்புடியே கூப்புடு அம்மிணி" என்றார்.

எதிரெதிரே உட்கார்ந்து செய்கிற வேலை அது. அவள் இலைமக்கையும் சாணத்தூளையும் சலித்து, செம்மண் கலந்து, சின்னச் சின்ன மூங்கில் கூடைகளில் நிரப்பித் தள்ளுவாள். அவர் பாத்தியிலிருந்து நாற்றைக் குச்சியால் நெம்பி எடுத்துக் கூடையில் நட்டு, இரண்டு விரலால் மண்ணை அழுத்துவார். முளைத்து வந்த காப்பி நாற்று விதையின் ஓட்டைத் தொப்பி மாதிரித் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும். ஆரம்பத்தில் ஒரு நாள் அவள் நகத்தால் அந்தத் தொப்பியை எடுக்கப் போனாள்.

"எடுக்காத அம்மிணி. நாம எடுத்தா உள்ள இருக்கற எலை கிளிஞ்சு போவும். அதுவாக் களட்டும்."

இப்படி ஏதாவது வேலை தொட்டு வருகிற பேச்சுதான். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். மிச்ச நேரம் முழுக்கச் சல்லடைச் சத்தமும், பந்தல் ஓலையில் பனி சொட்டுகிற சத்தமும். அவருக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷமே பிரசவத்தில் மனைவி தவறிவிட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. அந்தக் கதையை அவர் பத்து வருஷத்தில் ஒரே தடவைதான் சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் ஒரு கூடையை நிரப்பித் தள்ளினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

கூப்பிடுகிற சொல் எந்த வருஷத்தில் தேய ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. 'நாத்துக்காரருங்களே' நீளமாக இருந்தது. 'ஏனுங்க நாத்துக்காரரே' ஆனது. பிறகு பின்பாதி கழன்று, வெறும் 'ஏனுங்க' மிஞ்சியது. அந்த மலையில் 'ஏனுங்க' என்பது யாரையும் கூப்பிடுகிற சொல். ரைட்டரையும் ஏனுங்க என்பார்கள், சந்தையில் வெங்காயம் விற்கிறவரையும் ஏனுங்க என்பார்கள். அதனால் யாரும் கவனிக்கவில்லை. அவளே கவனித்தது ஒரு மழை நாளில்தான். தண்ணீர்ச் சட்டி கேட்பதற்காக "ஏனுங்க" என்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள். இருபது வயதில் அடுப்படியிலிருந்து சொன்ன அதே ஏனுங்க. குரல் கூட மாறவில்லை. கை மண்ணுக்குள் நின்றுபோயிற்று.

"என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லீங்க."

அதற்குப் பிறகு அவள் பல நாள் அதை நினைத்துப் பார்த்தாள். ஐம்பதைத் தொடப் போகிற வயதில் இதற்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை. மகள் கலாவதியைக் குப்பனூரில் கட்டிக்கொடுத்து, இரண்டு பேரப்பிள்ளைகளும் ஆகிவிட்டார்கள். பேர் வைக்காமலே விட்டுவிடலாம் என்று தோன்றியது. விட்டும்விட்டாள்.

*

அந்த ஐப்பசியில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை கூடை நிரப்பும்போதே கை நடுங்கியது. மறுநாள் ஞாயிறு, வேலையில்லை. லைன் முழுக்க ஏற்காட்டுச் சந்தைக்குப் போய்விட்டது. பூவாயி போகும்போது கதவைத் திறந்து பார்த்து, "படுத்துக்க. பொரி வாங்கியாறேன்" என்றுவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் காளியண்ணன் ஒரு தூக்குச் சட்டியில் சாமைக் கஞ்சியோடு வந்தார். வாசலில் வைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தவர், உள்ளே பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டு நின்றார். வெளியே மழையும் மூட்டமும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அடுப்பை மூட்டினார். அவள் மேல் கிடந்த கம்பளி போதவில்லை என்று, தோளில் கிடந்த தன் கம்பளியையும் எடுத்துப் போர்த்தினார்.

காய்ச்சல் ஏறி இறங்கி மறுபடி ஏறியது. கண் விழித்தபோதெல்லாம் அவர் அடுப்போரத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான்கு தடவை கஞ்சி கொடுத்தார். கம்பளியின் ஒரு மூலையில் நெருப்புப் பட்டுக் கருகிய ஓட்டை இருந்தது. அவள் அந்த ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு தூங்கினாள். சந்தைக்குப் போனவர்களின் பேச்சுக் குரல் தூரத்தில் கேட்டபோது அவர் எழுந்து போய்விட்டார். கம்பளியை எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலையில் நாற்றங்காலில் ஒரு பாத்தி வெறுமையாகக் கிடந்தது.

இலைத்துரு நோய் பிடிக்காது என்று சொல்லி, மைசூர்ப் பக்கமிருந்து எஸ்டேட் துரை வரவழைத்த புது விதையின் நாற்றுகள் அவை. ஒரு வேர் அறாமல் நெம்பி எடுத்திருந்தார்கள். பழகிய கை எடுத்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. சரிவு மேஸ்திரி சென்றாயன் தான் கண்டதைச் சொன்னார். ஞாயிறு மத்தியானம் குப்பனூர் இறக்கத்தில் ஒரு ஆள் தலையில் ஈரச் சாக்கு மூடிய கூடையோடு போனான், முகம் தெரியவில்லை, எஸ்டேட்டில் கொடுத்த, சிவப்புக் கரை போட்ட கறுப்புக் கம்பளி. அப்போதுதான் எல்லோரும் காளியண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குளிரில் அவர் ஒருவர்தான் கம்பளி இல்லாமல் நின்றிருந்தார்.

"கம்பளி எங்கய்யா?" என்று ரைட்டர் கேட்டார்.

அவர் குனிந்து வெறும் பாத்தியின் மண்ணைச் சமன் செய்தார்.

"நேத்து எங்க இருந்தே?"

"இங்கதானுங்க, லைன்ல."

"யாராச்சும் பாத்தாங்களா?"

அவர் கண் பாத்தியை விட்டு எழவில்லை. நாளைக் காலை பெரட்டுக் களத்தில் துரை விசாரிப்பார், அதற்குள் உண்மையைச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் பேரை வெட்டி மலையை விட்டு இறக்கிவிடுவோம் என்றார் ரைட்டர். இப்படி இறக்கிவிட்ட ஆளை அந்த மலையில் வேறு எந்த எஸ்டேட்டும் சேர்க்காது.

இதையெல்லாம் பூவாயி வந்து சொன்னபோது அருக்காணி அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் படுத்திருந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். பூவாயியின் பார்வை கம்பளியின் கருகிய மூலையில் ஒரு கணம் நின்றது. பிறகு அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "மொளகு ரசம் வெச்சுத் தாரேன், குடி" என்றாள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே காளியண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை.

"காச்சல் எப்புடி அம்மிணி?"

"தேவலீங்க. கம்பளியக் கொண்டு போங்க."

"இப்ப எடுத்துட்டுப் போனா எங்கிருந்து வந்துச்சும்பாங்க. இருக்கட்டும்."

"அப்ப நான் வந்து சொல்றனுங்க."

"என்னத்தச் சொல்லுவே?"

"இருந்ததச் சொல்லுவேன்."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஊருல ஒருத்தரும் இல்லாத நாளு. நீ ஒண்டி, நான் ஒண்டி. கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தோம். கேக்கறவன் காச்சல் இருந்துச்சான்னா கேப்பான்? குப்பனூருல உன்ற மக இருக்குது. அது மாமியார் ஊட்டுல தல நிமுந்து நடக்கோணுமா வேண்டாமா?"

"நீங்க எங்க போவீங்க?"

"எனக்கென்ன. ஒத்தக்கட்ட. நாத்து போடறதுக்கு எங்கயாச்சும் ஒரு பாத்தி கெடைக்கும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு நீளமாக அவர் அவளிடம் பேசியதே இல்லை. பேசியது முழுக்க அவளை வாயை மூடச் சொல்வதற்காக.

*

செவ்வாய்க்கிழமை களத்தில் மூட்டம் முழங்கால் அளவு கிடந்தது. துரை மட்டக்குதிரையிலிருந்து இறங்கி நின்றார். இளவயது, சீமையிலிருந்து வந்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை. தமிழ் தெரியாது. ரைட்டர்தான் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். காளியண்ணன் வெறும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நின்றிருந்தார்.

சென்றாயன் பார்த்ததைச் சொன்னார். "மூஞ்சியப் பாக்கலீங்க. பாத்தேன்னு சொன்னா என்ற கண்ணு அவிஞ்சு போவும்" என்பதையும் சேர்த்தே சொன்னார். துரை காளியண்ணனைப் பார்த்து ஏதோ கேட்டார். ரைட்டர், "கடைசியாக் கேக்கறாரு. கம்பளி எங்க?" என்றார்.

அப்போது லைன் பக்கமிருந்து அருக்காணி வந்தாள். காய்ச்சல் விட்ட உடம்பு காற்றில் போகிறது போல நடந்து வந்தாள். மடித்த கம்பளி மார்போடு இருந்தது. காளியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"கம்பளி இங்க இருக்குதுங்க" என்றாள்.

ரைட்டர் அதைப் பிரித்துப் பார்த்தார். கருகிய மூலை எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். துரை, ஒழுங்கு முறைப்படி எல்லாம் கேட்கச் சொன்னார். ரைட்டர் நோட்டைத் திறந்தார்.

"உன் பேரு?"

"அருக்காணிங்க."

"புருசன் பேரு?"

பூவாயி வழக்கப்படி சொல்வதற்கு வாயெடுத்தாள். அதற்குள் அருக்காணியின் வாயிலிருந்தே வந்துவிட்டது.

"காளியண்ணனுங்க. செத்துப் பதினாறு வருசமாச்சு."

பெண்கள் பக்கத்தில் மெல்லிய சலசலப்பு எழுந்து அடங்கியது. அவளுக்கே திக்கென்றது. எதிலும் தடுக்காமல், கல்லை எடுத்து வைத்த மாதிரி வந்துவிட்டதே! எப்படி வந்தது?

"இது யாரு கம்பளி?"

"அவருதுங்க."

"எவரு?"

"ஞாயித்துக்கெளம எனக்குக் குளுருகாச்சல். காலையிலருந்து சந்த ஆளுக திரும்பறவரைக்கும் என்ற ஊட்டுலதானுங்க இருந்தாரு. கஞ்சி குடுத்தாரு. அடுப்பெரிச்சாரு. கம்பளி என்ற மேல கெடந்துச்சு. அவரு எங்கயும் போவலீங்க."

"அதான் யாருங்கறேன். பேரைச் சொல்லு. துரை எழுதச் சொல்றாரு."

அருக்காணி வாயைத் திறந்தாள். வரவில்லை. இப்போதுதான் சொன்ன பேர். ஓரெழுத்து கூட மாறாத அதே பேர். நாக்கு எழவில்லை. முகத்தில் ரத்தம் ஏறுவது அவளுக்குத் தெரிந்தது. தலைமுடி நரைத்த காலத்தில், நூறு பேர் பார்க்க.

"என்னம்மா இது? இப்பத்தான சொன்னே? அதே பேருதானே? காளியண்ணன்னு சொல்லிட்டுப் போயேன்!"

அவள் தரையைப் பார்த்தாள். குதிரை ஒரு காலை மாற்றி வைத்தது.

முதலில் புரிந்தது பூவாயிக்குத்தான். "ஏனுங்க ரைட்டரய்யா" என்றாள் அவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "உங்க ஊட்டம்மா உங்களைப் பேரு சொல்லித்தான் கூப்புடறாங்களா?"

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. அது ஆண்கள் பக்கம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டு சிரித்தார்கள். பிறகு, என்ன காரணமோ, எல்லோரும் ஒன்றாகச் சிரிப்பை நிறுத்தினார்கள். ரைட்டர் பேனாவை வைத்துக்கொண்டு அருக்காணியையும் காளியண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார்.

துரை என்னவென்று கேட்டார். ரைட்டர் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். துரைக்குப் பிடிபடவில்லை. இறந்துபோன புருசன் எப்படி ஞாயிற்றுக்கிழமை கஞ்சி கொடுத்தான் என்று கேட்டாராம். ரைட்டர் வியர்த்துப்போய், இரண்டு விரலைக் காட்டி, ஒன்றை மடக்கி விளக்கினார். துரை மடங்காமல் நின்ற விரலைப் பார்த்தார். பிறகு காளியண்ணனைப் பார்த்தார். கேள்வியை ரைட்டர் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காளியண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நேற்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன குப்பனூரும் மகளும் மாமியாரும் அவர் முகத்தில் ஒரு தடவை வந்து போவதை அருக்காணி பார்த்தாள். அவள் தலையை அசைக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆமாங்க" என்றார் அவர். "அருக்காணி ஊட்டுலதான் இருந்தேன்."

பத்து வருஷத்தில் அவர் அவள் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

துரை சென்றாயனிடம், கறுப்புக் கம்பளி போட்ட ஆட்கள் இந்த எஸ்டேட்டில் எத்தனை பேர் என்று கேட்கச் சொன்னார். சென்றாயன் தன் மேல் கிடந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாருந்தானுங்க" என்றார். துரை குதிரையில் ஏறிக்கொண்டார். நாற்றை எடுத்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. மூன்று வருஷம் கழித்து, கீழே ஒரு கொல்லையில் யாரும் நடாத காப்பி பூத்திருந்ததாகப் பேச்சு வந்தது. அது வேறு கதை.

*

அந்தச் சாயங்காலம் பூவாயி வந்து, குப்பனூருக்கு ஆள் அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். "வேற யாராச்சும் போயிச் சொல்றதுக்கு முந்தி நாமளே சொல்லிப்போடறது நல்லது. கலாவதி வந்து குதிப்பா. ரெண்டு நா குதிக்கட்டும். மூணாம் நாளு கால் வலிக்கும், உக்காந்துக்குவா."

அவள் போன பிறகு அருக்காணி அடுப்பின் முன்னால் தனியாக உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, யாரும் இல்லாத அறையில், இறந்தவரை மனதில் நிறுத்திக்கொண்டு அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தாள். வந்தது. இன்னொரு தடவை சொன்னாள். எந்தத் தடையும் இல்லாமல் வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் பேரைச் சொல்வது போல.

அப்போதுதான் அழுகை வந்தது. அந்த மனுசனுக்கென்று அவள் வைத்திருந்தது, சொல்லாமல் வைத்திருந்த அந்த ஒரு பேர்தான். வீடு இல்லை, படம் இல்லை, நிலம் இல்லை. பதினாறு வருஷம் வாய்க்குள் காப்பாற்றி வைத்திருந்தது எப்போது கை நழுவியது என்று கூடத் தெரியவில்லை. அவரிடமிருந்து எடுத்து இவருக்குக் கொடுத்துவிட்டோமா? அவருக்கு இது தெரிந்தால் என்ன சொல்வார்?

வாசலில் நிழல் விழுந்தது. காளியண்ணன் நின்றிருந்தார். களத்தில் ரைட்டர் திருப்பிக் கொடுத்த கம்பளி அவர் கையில் இருந்தது.

"என்ன ஆச்சு?"

அவள் முகத்தைத் துடைத்தாள். "அவரு பேரு வந்துருச்சுங்க. வாயில."

அவர் புரியாமல் ஏதும் கேட்கவில்லை. உள்ளே வந்தார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். அடுப்பில் ஒரு குச்சியைத் தள்ளினார். வெளியே லைன் பெண்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். திறந்த கதவைத் தாண்டும்போது ஒவ்வொருத்தியும் பேச்சை நிறுத்தி, தாண்டியதும் தொடர்ந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

"நெட்டையன் இன்னிக்குக் களத்துல இருந்திருக்கோணும்" என்றார் அவர் கடைசியில். "நீ வாயத் தொறந்துட்டு நின்னியே, அப்ப மொத ஆளா அவந்தான் சிரிச்சிருப்பான்."

அருக்காணிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் நிற்கவில்லை. இரண்டும் கலந்து மூச்சு முட்டியது. அவர் திரும்பிப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் முடிக்கட்டும் என்று.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்து சட்டியைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். சாமையை அளக்க நாழியை எடுத்தவள், எத்தனை பேருக்கு என்று ஒரு கணம் கையை நிறுத்தினாள்.

"ஏனுங்க" என்றாள்.

"ம்" என்றார் அவர்.